வாயாடி வாசித்த பாடம்

ஜனவரி 9

வாயாடிக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியின் கைப்பிடி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பிய்ந்துகொண்டது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுதான் விடுதிப் படியேறினேன். வார்டன் என்னை எந்தப் பெண்ணுக்கோ அம்மா என்று நினைத்துவிட்டாள். "பாக்குற நேரம் முடிஞ்சு போச்சும்மா, ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள். "படிக்க வந்த பொண்ணே நான்தாங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

அறையில் என்னோடு இரண்டு சின்னப் பெண்கள். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறார்கள். அது ஒரு தொல்லை.

இங்கே படிப்பு மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. காலையும் சாயங்காலமும் எல்லோரும் அங்கேதான் உட்கார வேண்டும். உதடு அசைந்தாலே மேற்பார்வைக்காரி மேஜையில் விரலால் தட்டுவாள். எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? நம் இஸ்திரிக் கடையில் அம்மா துணிக்குத் தண்ணீர் தெளிக்க, நான் தேய்க்க, நீ ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து என் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பாய். என் படிப்பெல்லாம் காலர், கை, முதுகு என்று சட்டையோடு சட்டையாகத்தான் தலைக்குள் போனது. பள்ளிக்கூடத்தை அப்படித்தான் முடித்தேன். இங்கே கையைக் கட்டி உட்கார்ந்து கண்ணால் படித்தால், ஒரு பக்கம் முடிவதற்குள் அந்தப் பக்கத்தின் முதல் வரி எங்கே போனதென்று தெரியவில்லை.

போன தடவை நீ கடைசி நேரத்தில் பதிவு செய்து அனுப்பினாயே, இதயப் பாடம், அந்த கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அது முழுக்க மனப்பாடம். மற்ற உறுப்பெல்லாம் அம்போ. அதனால் உடனே சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் மூன்றையும் வாசித்து கேசட்டில் அனுப்பு. முதலில் சிறுநீரகம். அதில்தான் ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கவ்வுகிறேன்.

நர்ஸ் தேர்வு எழுதுவது இது மூன்றாவது தடவை என்பதை நீ மறக்கமாட்டாய். நாலாவது தடவை கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலையிலிருந்து எனக்கு லீவு கொடுத்து அனுப்பியதே பெரிய விஷயம். தேறினால் வெள்ளை உடுப்பு போட்ட நர்ஸ். இல்லாவிட்டால் சாகும்வரை வார்டில் பேசின் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையிலிருந்து போன் பண்ணலாமாம். மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டால் நீ ஓடி வா. அம்மாவை அனுப்பாதே. அவள் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அழுவாள், அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அக்கா

ஜனவரி 18

அக்கா,

உன் கடிதத்தில் வார்டன் சிரித்த இடத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது அவள் வழக்கம்.

கேசட் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது முடியாது. காரணம் கேட்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே பஸ் நிலையத்தில் வேலை மாற்றிவிட்டார்கள். பஸ் பேர் அறிவிக்கிற மைக்கில் புதுப் பெண் உட்காருகிறாள், அவளுக்குப் பழக்கம் வரட்டும் என்று. என்னைத் தவறவிட்ட பொருட்கள் அறையில் போட்டிருக்கிறார்கள். குடைகள், ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட். பல் செட்டைத் தொலைத்துவிட்டு எப்படி ஒரு ஆள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நாள் முழுக்க யோசிக்கிறேன்.

இரண்டாவது காரணம் முக்கியமானது. நீ எத்தனை நாளைக்குத்தான் என் வாயால் படிப்பாய்? தேர்வு மண்டபத்தில் நான் உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரமாட்டேன். நன்றாக யோசித்துப் பார்த்தேன். உன் படிப்பில் என்ன கோளாறு என்று முதலில் நீயே கண்டுபிடி. எப்போது மனசு ஓடுகிறது, எந்த இடத்தில் தூங்குகிறாய், ஒரு பத்தி படித்தபின் புத்தகத்தை மூடினால் என்ன மிச்சம் இருக்கிறது, இதையெல்லாம் எனக்கு எழுது. நான் இங்கிருந்து வைத்தியம் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் காது கொஞ்சம் மந்தம் போல. கூப்பிட்டால் வருவதில்லை. தட்டில் கரண்டியால் தட்டுகிறேன், ஓடி வருகிறாள்.

போனுக்கு அம்மாதான் வருவாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

உன் வாயாடி

ஜனவரி 29

வைத்தியர் அம்மாவுக்கு,

நீ சொன்னதையே இங்கேயும் சொல்கிறார்கள். படிப்புப் பழக்கம் பார்ப்பதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறாள். ஒல்லியாக, எப்போதும் பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டு. எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்தாள். "நீங்கள் படிக்கும் இடம் அமைதியானதா?" ஆமாம், அதுதான் பிரச்சினை என்று எழுதினேன். "படிக்கும்போது வேறு வேலை செய்வீர்களா?" செய்ய விட்டால் செய்வேன் என்று எழுதினேன். படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க தேய்ச்சுக்கிட்டே படிச்சுப் பாருங்களேன்" என்றாள்.

அதனால் இப்போது துணி தேய்க்கும் அறையில் படிக்கிறேன். பெண்களெல்லாம் தங்கள் உடுப்பை என்னிடம் கொடுத்துவிடுகிறார்கள். புத்தகத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துக்கொள்வேன். கொஞ்சம் பலன் இருக்கிறது. தூக்கம் வருவதில்லை. ஆனால் வரியைப் பார்த்தால் துணி போகிறது, துணியைப் பார்த்தால் வரி போகிறது. கல்லீரல் படிக்கும்போது ஒருத்தியின் பாக்கெட் கருகிவிட்டது. பாவம், கருகினதைப் போட்டுக்கொண்டே திரிகிறாள்.

மாதப் பரீட்சை வைத்தார்கள். இதயத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். மற்றதில் கடைசி. பாடம் எடுக்கும் டாக்டர் தாளைக் கொடுக்கும்போது, "உங்க நோயாளிக்கு இதயம் மட்டும்தான் இருக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, வாயாடி. கை இருக்கிறது, இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. சிறுநீரகம் ஒன்றே ஒன்று. கல்லீரலைக் கேட்கவே மாட்டேன். கேசட் இல்லாவிட்டால் சொல், நான் வாங்கி அனுப்புகிறேன்.

போன ஞாயிறு போன் பண்ணினேன். யாரோ எடுத்தார்கள். "அம்மா?" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள். அது நீதான். மூச்சிலேயே தெரியும் எனக்கு. ஏன் பேசவில்லை?

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

போனை நான் எடுக்கவில்லை. மளிகைக் கடைக்காரரின் மகனாக இருக்கும்.

சிறுநீரகம் சிறுநீரகம் என்று எதற்கு என் உயிரை எடுக்கிறாய்? முடியாது என்று ஒருதடவை சொன்னால் புரியாதா? எனக்கு வேறு வேலையே இல்லையா? ஸ்டூலில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து உனக்காக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். என் பாடத்தை நான் எப்போது படித்தேன் என்று என்றைக்காவது கேட்டாயா? உன் பள்ளிக்கூடச் சான்றிதழில் உன் பேர் போட்டிருக்கிறது. உழைத்தது என் தொண்டை.

உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று ஒத்துக்கொள். ஊரெல்லாம் கண்ணால்தான் படிக்கிறது.

இதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கிழித்தால் மறுபடி எழுத வேண்டும். எழுதினால் மறுபடி நீ கேட்பாய். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

பிப்ரவரி 17

தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சரிதான். உங்கள் தொண்டையை நான் இலவசமாக உபயோகித்தது உண்மை. இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அம்மாவின் மாத்திரை முடிந்திருக்கும். ஞாபகமாக வாங்கவும்.

இன்னொரு செய்தி. உங்களுக்கு முக்கியமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நேற்று டேப் ரெக்கார்டர் இதயப் பாடத்தைத் தின்றுவிட்டது. நாடா உள்ளே சுற்றிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அறுந்து கையோடு வந்துவிட்டது. ரிப்பேர் கடையில் மிஷினைச் சரிசெய்து கொடுத்தார்கள், நாடாவைக் குப்பையில் போடச் சொன்னார்கள். போடவில்லை. உறைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். ஆக, இப்போது எனக்கு இதயமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்கா

மார்ச் 2

வாயாடி,

நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது கோபத்தைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நீயும் போட்டுவிட்டு இதைப் படி.

நேற்று தேய்க்கும் அறையில் தொண்டைப் பாடத்தை எடுத்தேன். அது சின்னப் பாடம், கேள்வி வருவது அபூர்வம். சுலபமாக இருக்கும் என்றுதான் எடுத்தேன். யாரும் இல்லாததால் நானே வாய்விட்டு வாசித்தேன். என் வாசிப்புதான் உனக்குத் தெரியுமே, நொண்டி நொண்டிப் போகும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் தாமதிக்காமல் தொண்டையைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் போய்விட்டேன். நாலு வரி கழித்து வாய் நின்றுவிட்டது. திரும்பி வந்தேன்.

மழைக்காலத்திலேயே உனக்குக் குரல் கம்மியிருந்தது. "மைக் தூசி" என்றாய். நான் ஊருக்குக் கிளம்பும்போதும் கம்மித்தான் இருந்தது. வழியனுப்ப வந்தவள் ஜன்னல் பக்கம் நின்று கையை மட்டும் ஆட்டினாய். நீ! பஸ் தெருமுனை திரும்பும்வரை கத்துகிறவள். பிறகு மைக்கிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் காது மந்தம் என்றாய். போன ஞாயிறு போனில் அம்மாவிடம் குசுகுசுவென்று பேசிப் பார்த்தேன், ஒரு வார்த்தை விடாமல் பதில் சொன்னாள். "அவ எங்கே" என்று கேட்டதும் அழுதாள். காரணம் சொல்லவில்லை. நீ சத்தியம் வாங்கியிருப்பாய்.

தட்டில் கரண்டியால் தட்டுகிறாயாம். எனக்கு ஏன் உறைக்கவில்லை? நான் உன்னிடம் கேசட் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலம், உனக்கு "நீங்கள்" போட்டு எழுதினேன்.

டாக்டர் என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தை மாறாமல் எழுது. சமாதானம் சொல்லாதே. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

பெட்டியை உள்ளே வை.

நீ கண்டுபிடிக்கமாட்டாய் என்று நம்பினேன். தொண்டைப் பாடம் படிக்கிற அளவுக்கு நீ தேறுவாய் என்று நான் கணக்குப் போடவில்லை. அது என் தப்பு.

முதலில் சதை வளர்ந்திருக்கிறது, குரலுக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். கிசுகிசுப்புகூடக் கூடாது என்றார்கள். அதனால்தான் கேசட் முடியாது என்றேன். உன்னிடம் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நின்றிருப்பாய். ஆமாம், போனை எடுத்தது நான்தான். உன் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ "அம்மா?" என்றதும் எனக்கு வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை, அதனால் உடனே வைத்துவிட்டேன்.

உழைத்தது என் தொண்டை என்று எழுதினேனே, அதை எழுதிய அன்று காலையில்தான் சதையை வெட்டிப் பார்த்த முடிவு வந்திருந்தது. புற்று. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி. உன் தேர்வு இருபத்து ஏழு. டாக்டரிடம் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி எழுதிக் காட்டினேன். அவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்கவில்லை.

நீ வராதே. வந்தால் என்ன செய்வாய்? ஆபரேஷன் அறைக்கு வெளியே அம்மாவுடன் சேர்ந்து அழுவாய். அழுவதற்கு அம்மா ஒருத்தி போதும். இந்தத் தடவை விட்டால் உனக்கு இன்னொரு தடவை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் எல்லாம் போக வேண்டுமா?

ஒரு உபகாரம் செய். இங்கே டாக்டர் வேகமாகப் பேசுகிறார், பாதி வார்த்தை புரியவில்லை. நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். அதற்குப் பிறகு எனக்கு என்னென்ன ஆகும்? எப்படி மூச்சு விடுவேன்? எப்படிச் சாப்பிடுவேன்? புரிகிற மாதிரி எழுது. நீ நர்ஸ் ஆகப் போகிறவள்தானே.

எனக்கும் பயமாக இருக்கிறது.

வாயாடி

மார்ச் 15

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வார்டன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கொண்டைப் பென்சில் டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போகும்போது மட்டும், "அவங்க கேட்டதுக்குப் பதில் எழுதுங்க, முதல்ல அதைச் செய்ங்க" என்றாள். செய்கிறேன்.

கழுத்தில் முன்பக்கம், சட்டைக் காலர் பட்டன் போடுகிற இடத்துக்குக் கீழே, ஒரு துளை வைப்பார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். மூக்கும் வாயும் மூச்சுக்கு வேண்டாம். முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுப்பார்கள். காயம் ஆறியதும் வாயாலேயே சாப்பிடலாம். ஆனால் சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது, அம்மாவை ஆற்றித் தரச் சொல். வாசனை சரியாகத் தெரியாது. குளிக்கும்போது துளையில் தண்ணீர் போகக்கூடாது. மெல்லிய துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், தூசி போகாமல். இருமல் அதன் வழியாகத்தான் வரும். பயப்படாதே, துடைத்தால் போதும்.

அழுதாலும் சிரித்தாலும் சத்தம் வராது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சமாதானம் சொல்லாதே என்று உன்னிடம் கேட்டுவிட்டு நான் மட்டும் மறைக்கக்கூடாது. பிற்பாடு வேறு விதமாகப் பேசப் பழக்குவார்கள். சிலருக்கு நன்றாக வரும். அது பஸ் நிலையத்து மைக் குரலாக இருக்காது.

முக்கியமானது ஒன்று. கட்டிலில் உன் கை எட்டுகிற இடத்தில் ஒரு மணி இருக்க வேண்டும். சிலேட்டும் இருக்கட்டும், ஆனால் மணிதான் முதல். நீ கூப்பிட முடியாது என்பதை நர்ஸ் ஒரு நிமிஷம்கூட மறக்கக்கூடாது. மணி சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். வராவிட்டால் அம்மாவைச் சண்டை போடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

இவ்வளவையும் புத்தகம் பார்க்காமல் எழுதினேன். டீச்சரிடம் காட்டினேன். அவள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு தப்பு இல்லை. "ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு படிச்சீங்க, அதான் நின்னுச்சு. மத்த பாடத்தையும் இப்படியே படிங்க" என்றாள். நல்ல மனுஷிதான், ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது. "ஒவ்வொரு பாடத்துக்கும் நான் ஒரு தங்கச்சிக்கு எங்கே டீச்சர் போவேன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

உன்னிடம் தோற்றேன். வரவில்லை. துளையைப் பற்றி எல்லாம் தெரியும், உன் பக்கத்தில் மட்டும் இருக்க முடியாது. இந்தப் படிப்பு எதற்கு என்றே தெரியவில்லை.

இருக்கிற குரலை வீணாக்காதே. ஓய்வும் வேண்டாம், அதற்கும் இனி அர்த்தமில்லை. அம்மாவிடம் பேசு. மனசில் இருப்பதையெல்லாம் பேசித் தீர். பேசிக்கொண்டே இரு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

மணி வந்துவிட்டது. அம்மா கடைக்கு வரும் சைக்கிள்காரரிடம் பழைய மணியைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை வீட்டுக் கட்டில் கம்பியில் திருகி வைத்தாள். ஒத்திகை பார்க்கச் சொன்னாள். அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் ஒதுங்கி நின்று வழி விட்டார்.

டாக்டரும் இனி பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் பேசித் தீர்க்கச் சொன்னாயே, உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். "சொல்லுடி" என்றாள். "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டேன். "போட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் ஒரு சட்டைக்குத் தண்ணீர் தெளித்தாள். எனக்கு என்ன தெரியும் அக்கா? ஒன்று, பஸ் பேர் சொல்லத் தெரியும். இன்னொன்று, உனக்கு வாசிக்கத் தெரியும்.

அதனால் நேற்று பஸ் நிலையத்துக்குப் போனேன். புதுப் பெண் அறையைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டாள். நீ விட்டுப் போன பழைய புத்தகத்திலிருந்து வாசித்தேன். கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். சிறுநீரகம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. திட்டாதே.

குரல் நன்றாக இல்லை. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் இருமல் வந்தது, அந்த வரியை மறுபடி வாசித்திருக்கிறேன். ஒரு இடத்தில் பஸ் ஹாரன் விழுந்துவிட்டது, டிரைவரைத் திட்டியிருக்கிறேன். அதைத் தேர்வில் எழுதிவிடாதே.

நன்றாகத் தேய்த்துக்கொண்டே கேள். நான் ஸ்டூலில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

வாயாடி

மார்ச் 28

என் வாயாடிக்கு,

நாளைக்கு முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் முன்னால் வருமா, நான் முன்னால் வருவேனா தெரியாது. நேரில் சொன்னால் நீ பதில் சொல்ல முடியாமல் என் முகத்தையே பார்ப்பாய். எழுதிவிட்டால் எனக்குச் சுலபம்.

ஆபரேஷன் முடிந்ததென்று அம்மா போனில் சொன்னாள். கண் திறந்தாய், மணியை அடித்தாய், நர்ஸ் ஓடி வந்தாள் என்றாள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். நேரம் முடிந்தும் வார்டன் போனைப் பிடுங்கவில்லை.

கேசட் தேர்வுக்கு முதல் நாள் கைக்குக் கிடைத்தது. தேய்க்கும் அறைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினேன். மேஜையில் சட்டையை விரித்தேன். கேசட்டை மிஷினுக்குள் வைத்து மூடியை மூடி, பொத்தானில் விரலை வைத்தேன். இதயத்தைத் தின்ற மிஷின் அது. "இனிமே சரியா ஓடும்மா" என்றுதான் ரிப்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் பேச்சை எப்படி நம்புவது? அறுந்துபோனால் மறுபடி வாசித்து அனுப்பு என்று நான் யாரிடம் கேட்பேன்?

வேறு மிஷின் கேட்கலாம் என்று அறை அறையாகப் போனேன். ஒருத்தி கொடுத்தாள். அதிலும் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. சட்டையையும் தேய்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி ஆறிப்போனது. கேசட்டை எடுத்து, உன் கடிதத்தில் சுற்றி, பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். பிறகு புத்தகத்தை எடுத்துக் கண்ணாலேயே படித்தேன். உனக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நினைத்துப் படித்துப் பார்த்தேன். பாதிதான் ஓடியது. நடுநடுவே உன் கழுத்து ஞாபகம் வந்தது.

தாளில் முதல் பெரிய கேள்வியே சிறுநீரகம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தெரிந்ததை எழுதினேன். மீதிக்கு இடம் விட்டேன், நினைவு வந்தால் எழுதலாம் என்று. மணி அடிக்கும்வரை அந்த இடம் அப்படியேதான் இருந்தது. தொண்டைப் பாடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மற்றது பரவாயில்லை. தேறினாலும் தேறலாம், தேறாமலும் போகலாம். டீச்சரிடம் விடைபெறப் போனேன். எந்தப் பழக்கம் எனக்கு உதவியது என்று கடைசியாக ஒரு கேள்வித்தாள் நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே திருப்பி வாங்கிக்கொண்டாள்.

உனக்குக் கோபம் வரும். இருந்த கொஞ்சக் குரலையும் எனக்காகச் செலவழித்தாய், நான் அதைக் கேட்காமலேயே போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறேன். என்ன திட்ட வேண்டுமோ சிலேட்டில் எழுதித் திட்டு. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கேசட்டை மடியிலேயே வைத்துக் கொண்டுவருகிறேன். வீட்டிலிருக்கும் நம் மிஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வருகிறேன், அது இதுவரை எதையும் தின்றதில்லை. ஆனாலும் நானாகப் போடமாட்டேன். உன் குரலை நீயே கேட்க வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது, எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. போடு என்றால் மணியை அடி. வேண்டாம் என்றால் சும்மா இரு, நான் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

அவசரமே இல்லை. எவ்வளவு நேரமானாலும் ஸ்டூலைப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா